சந்தாப் புத்தகத்தில் இல்லாத பெயர்கள்

தென்னாப்பிரிக்காவில் எங்கள் தமிழ் உதவிச் சங்கத்தின் ஆண்டு மலருக்குத் 'தொடக்க காலம்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதித் தரும்படி சென்ற மாதம் என்னைக் கேட்டிருந்தார்கள். அதற்காகத் தாத்தாவின் பழைய சந்தா அட்டையைத் தேடி எடுத்தேன். மாதந்தோறும் அவர் கட்டிய ஷில்லிங் கணக்கும், ஒவ்வொரு வரிக்கும் எதிரே பொருளாளரின் கையெழுத்தும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. என் பாட்டி, ஆயாவின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் உறுப்பினர் ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால், பெட்டிக்கும் வண்டிக்கும் சங்கம் பணம் கொடுக்கும் முன்பே அண்டாவைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் நின்றவர் ஆயாதான். கருமாதி முடியும் வரை அந்த வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

தென்னாப்பிரிக்கத் தமிழரின் உதவிச் சங்கங்கள் எல்லாவற்றிலும் இதே நிலைதான் என்று நினைக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் இருந்த தமிழ் பெனிஃபிட் சொசைட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் தலைவராக இருந்த வி. ஏ. செட்டியாரும், பின்னர் அதை நடத்திய தம்பி நாயுடுவும் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்கள். மொரீஷியஸில் பிறந்த நாயுடு, 1908 பிப்ரவரி 10 அன்று காந்தி தாக்கப்பட்டபோது உடன் நின்று அடி வாங்கியவர். இவர்களைப் பற்றி மேடைகளில் நாம் நிறையவே பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால், தெருத்தெருவாகக் காய்கறி விற்றவர்கள் ஆசியர்கள் கைரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற 1907ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தை எதிர்த்து ஒருவர் பின் ஒருவராகச் சிறைக்குப் போனபோது, அன்றாடம் விற்றால்தான் சோறு என்றிருந்த அந்த வீடுகளை யார் நடத்தினார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்பதால்தான், 1910 மே மாதம் காந்தியின் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில், அக்குடும்பங்கள் சேர்ந்து வாழ டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பட்டது. சகோதரத்துவம் என்று மேடையில் சொல்லுகிற சொல், அந்த வீடுகளில் அரிசியாகவும் பருப்பாகவும்தான் அளக்கப்பட்டிருக்கும்.

1913ஆம் ஆண்டுக்கு வருகிறேன். நான் மனம் விட்டுச் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான். அவ்வாண்டு மார்ச் மாதம் கேப் உயர்நீதிமன்ற நீதிபதி சீர்ல் அளித்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத நம் திருமணங்களைச் செல்லாதவை ஆக்கியது. அதன்பின், ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து 11 பெண்கள் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் தமிழர்கள். ஆறு பேர் கைக்குழந்தைக்காரர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் மாகாண எல்லை கடந்தும், உரிமம் இல்லாமல் பொருள் விற்றும் அவர்களை யாரும் கைது செய்யவில்லை. எனவே நேட்டால் மாகாணத்து நியூகாசிலுக்குப் போய், ஒப்பந்தக் காலம் முடிந்தும் தங்கிய கூலிகள் ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்த 3 பவுன் வரியைப் பற்றி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் பேசினார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல், பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறை.

அந்தப் பதினொருவரின் பட்டியலைத் தேடிப் பாருங்கள். திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி கே. முருகேச பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு என்றே அது நீள்கிறது. தம் திருமணம் செல்லாது என்று சொன்ன சட்டத்தை எதிர்த்துச் சிறை புகுந்தவர்களை, வரலாறு பெரும்பாலும் கணவரின் பெயராலேயே குறித்து வைத்திருக்கிறது. திருமதி தம்பி நாயுடுவின் வீரம்மாள் என்ற பெயரைப் பின்னால் வந்தவர்கள் தேடிச் சேர்த்தார்கள். அதே ஆண்டு, அவர்களுக்குப் பின் சிறை சென்ற வள்ளியம்மை நமக்கு வள்ளியம்மையாகவே தெரிகிறாள் என்றால், அவள் மணமாகாத பதினாறு வயதுப் பெண் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பதை எண்ணும்போது என் நெஞ்சு கனக்கிறது. சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்த அவள் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். பிராம்ஃபான்டைன் கல்லறைத் தோட்டத்தில், 1909இல் இதே போராட்டத்தில் உயிர் நீத்த நாகப்பனுக்கும் அவளுக்கும் எழுப்பிய நினைவுக் கற்களின் திறப்பு விழாவில் அவ்வாண்டு ஜூலையில் காந்தி கலந்துகொண்டார்.

நான் எழுதிக் கொடுத்த கட்டுரையில் தலைவர், செயலாளர் படங்களுக்கு முன்னால் பெண்களின் பெயர்களுக்கென்று இரண்டு பக்கங்கள் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஆவணம் இல்லாத பெயர்களை எப்படி அச்சிடுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாத புத்தகத்தில் அவர்களுக்கு ஆவணம் எங்கிருந்து வரும்? ஆயாவோடு சேர்ந்து சமைத்தவர்கள், பிணம் கழுவியவர்கள், பிள்ளை பெற்ற வீட்டில் இரவு விழித்திருந்தவர்கள் யார் யார் என்பதை இன்றைக்கும் சொல்லக்கூடிய பெரியம்மாக்களும் சின்னம்மாக்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் ஆவணம்தான்.

ஃப்ரீடடார்ப், ஃபோர்ட்ஸ்பர்க் பக்கமிருந்து, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தால் பெயர்க்கப்பட்டு லெனேசியாவுக்கு வந்த குடும்பத்தாரை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த மாத இறுதிக்குள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அந்தப் பெண்களின் பெயர்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். இன்னாரின் மனைவி என்று வேண்டாம். அவர்களுடைய சொந்தப் பெயர் வேண்டும்.