மேகம் மோதியா மின்னல் வருது?
ரெண்டு மேகம் மோதிக்கிறதால தான் மின்னல் வருதுன்னு ஒருத்தர் போட்டதை நிறைய பேர் ஷேர் பண்றாங்க. சின்ன திருத்தம்ங்க, ஒரே மேகத்துக்குள்ளயே குட்டி ஐஸ் துகளும் கனமான ஐஸ் உருண்டையும் இடிச்சு சார்ஜ் (மின்னூட்டம்) பிரியுது, லேசானது பாசிட்டிவ்வோட மேல போயிடும், கனமானது நெகட்டிவ்வோட கீழ தங்கிடும், அந்த நெகட்டிவ் சார்ஜ் தரையில இருக்கிற எலக்ட்ரான்களை (இதுவும் நெகட்டிவ் தான்) தள்ளிவிடுறதால மேகத்துக்கு நேர் கீழ தரை பாசிட்டிவ் ஆயிடுது, மேகம் தரையைத் தொடவே வேணாம். இப்படிப் பிரிஞ்ச பாசிட்டிவ்வுக்கும் நெகட்டிவ்வுக்கும் நடுவுல சார்ஜ் பாயுறது தான் மின்னல். நம்பலைன்னா சாயங்காலம் தூரத்துல தனியா நிக்கிற இடிமேகத்தைப் பாருங்க, பக்கத்துல வேற மேகமே இருக்காது, உள்ளுக்குள்ளயே பளிச் பளிச்னு வெட்டும். மேகம் தொடாம தரை எப்படி பாசிட்டிவ் ஆகும்னு கேட்டா, காய்ஞ்ச தலையை சீப்பால நல்லா வாரிட்டு பேப்பர் துணுக்கு கிட்ட காட்டுங்க, சார்ஜே இல்லாத பேப்பர் எகிறி வந்து ஒட்டும். எண்ணெய் தலைன்னா ஒண்ணும் நடக்காது, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.