நகையை அடகு வெக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நேத்து ராத்திரி ஒரு அக்கா இன்பாக்ஸ்ல வந்தாங்க. பையன் பைக்ல இருந்து விழுந்து முதுகுத்தண்டுல அடி, 5 மாசமா படுக்கையில இருக்கான், ஸ்டெம் செல் (வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்) ஊசி போட்டா நடந்துருவான்னு ஒரு இடத்துல சொல்றாங்க, நகையை அடகு வெச்சிரலாமான்னு கேட்டாங்க. எனக்குத் தூக்கமே வரல. 6 வருசம் முன்னாடி பெரம்பூர்ல எங்க வீட்ல இதே பேச்சுதான் ஓடுச்சு.

என் தம்பிக்கு டி8-ல, அதாவது முதுகெலும்புல நெஞ்சுப் பகுதியோட எட்டாவது எலும்புகிட்ட அடி, நெஞ்சுக்குக் கீழ உணர்ச்சி இல்ல. சிட்டிக்குள்ளயே ஒரு கிளினிக், பேர் வேணாம். இடுப்பெலும்புல இருந்து மஜ்ஜையை உறிஞ்சி, மெஷின்ல சுத்தி, முதுகு வழியா ஏத்துனாங்க. 3 தவணை, 7 லட்சம். அம்மா வளையல், வீட்டு லீஸ் பணம் எல்லாம் அதுலயே போச்சு. ரெண்டாவது ஊசி போட்ட வாரம் அவன் வலது கால் படக்குனு உதறுச்சு, அப்பா கத்துன கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க. அன்னையில இருந்து தினம் காலையில காபி டம்ளரோட கட்டிலோரம் உக்காந்து அந்தக் கால் கட்டைவிரலையே பாத்துட்டிருப்பார். கிளினிக்லயும் இம்ப்ரூவ்மென்ட்னு சொல்லி மூணாவது தவணையை வாங்கிட்டாங்க.

அது ஸ்பாஸ்டிசிட்டிங்க. மூளையோட தொடர்பு அறுந்துட்டா அடிபட்ட இடத்துக்குக் கீழ நரம்பு தானா உதறும், ஊசியே போடாதவங்களுக்கும் வரும். நாங்க எல்லாரும் விரலைப் பாத்துட்டிருந்த அந்த மாசத்துல வால் எலும்புகிட்ட படுக்கைப்புண் எலும்பு தெரியற அளவுக்குப் போயிருச்சு, திருப்பிப் படுக்க வெச்சுப் பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல.

இதுக்காக ஆராய்ச்சியே பொய்னு சொல்ல மாட்டேன், நான் அதை விடாம படிச்சிட்டிருக்கேன். ஜப்பான்ல கெயோ யுனிவர்சிட்டியில ஐபிஎஸ் செல்லுல (சாதாரண செல்லை லேப்ல மறுபடி ஸ்டெம் செல் மாதிரி மாத்துனது) இருந்து நரம்பு செல்லை வளர்த்து, ஒருத்தருக்கு 20 லட்சம் செல்னு 4 பேருக்கு வெச்சாங்க, 2025 மார்ச்ல ரிசல்ட் சொன்னாங்க. ஒருத்தர் தானா எழுந்து நிக்கிறார், இன்னொருத்தருக்குக் கை கால் கொஞ்சம் அசையுது, மத்த 2 பேருக்குப் பெருசா மாற்றம் இல்ல. படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆனா அந்த 4 பேருக்கும் அடிபட்டு 2-ல இருந்து 4 வாரத்துக்குள்ள வெச்சது. மாசம் ஆக ஆக அந்த இடத்துல தழும்பு கட்டிரும், அப்புறம் புது செல்லு வேலை பாக்கறது ரொம்பக் கஷ்டம். தானா கொஞ்சம் தேறி வர்றவங்களும் இருக்காங்க, அதனால எது செல்லால வந்துச்சுன்னு 4 பேரை வெச்சு அடிச்சு சொல்ல முடியாது. அமெரிக்காவுல ஜெரான்னு ஒரு கம்பெனி 2010 அக்டோபர்ல இதே மாதிரி முதுகுத்தண்டுல அடிபட்ட முதல் ஆளுக்கு ஸ்டெம் செல்லுல இருந்து வளர்த்த செல்லை வெச்சாங்க, 2011 நவம்பர்லயே பணம் கட்டுப்படியாகலன்னு நிறுத்திட்டாங்க. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே வராதது நம்ம ஊர் மாடியில ஒரு ரூம்ல எப்படிங்க வரும்?

ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 விதிமுறையில தெளிவா இருக்கு. ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்களுக்கு செய்யற மஜ்ஜை மாற்று மாதிரி சிகிச்சைதான் அனுமதிச்சது, முதுகுத்தண்டுக்கெல்லாம் ட்ரையல்ல (ஆராய்ச்சிக்கான சோதனையில) மட்டும்தான் தரணும், ட்ரையல்னா நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. அதனால அந்த இடத்துல சிடிஆர்ஐ நம்பர் (இந்தியாவுல நடக்கற ட்ரையல்களைப் பதிவு பண்ற அரசுப் பதிவேட்டு நம்பர்) கேளுங்க. ட்ரையல்னும் சொல்லி பில்லும் போட்டா எழுந்து வந்துருங்க.

தம்பிக்கு வாழ்க்கை திரும்புனது கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையிலதான். 4 மணி நேரத்துக்கு ஒருக்கா தானே கதீட்டர் (மெல்லிய குழாய்) போட்டு யூரின் எடுக்க, கட்டில்ல இருந்து வீல்சேருக்குத் தாவ, செல்போனைப் பின்னாடி நீட்டி போட்டோ எடுத்து தோல் சிவந்திருக்கான்னு பாக்க எல்லாம் அங்கதான் கத்துக்கிட்டான். இப்ப வீட்லயே மொபைல் சர்வீஸ் பாக்கறான்.

அக்கா, நகை பீரோவுலயே இருக்கட்டும். இன்னைக்கே ஒரு ஏர் பெட் வாங்கிருங்க, ராத்திரியும் 2 மணி நேரத்துக்கு ஒருக்கா அலாரம் வெச்சு பையனைத் திருப்பிப் படுக்க வைங்க. தம்பி நம்பர் இன்பாக்ஸ்ல போட்டிருக்கேன், சாயங்காலம் 6 மணிக்கு மேல கூப்பிடுங்க, பையன்கிட்ட நேரா அவனே பேசுறேன்னு சொல்லியிருக்கான்.