சித்தப்பாவுக்குப் போன ஹானோவர்

ஜெர்மனியில் ஹானோவர் ரயில் நிலைய வாசலில் குதிரை மேல் ஒரு ராஜா சிலையாக உட்கார்ந்திருக்கிறார். ஊர்க்காரர்கள் யாரையாவது சந்திக்க இடம் சொல்லும்போது "வாலுக்குக் கீழே வா" என்பார்களாம். அந்தக் குதிரையின் வால்தான். பீடத்தில் "நாட்டின் தந்தைக்கு, அவருடைய விசுவாசமான மக்கள்" என்று பொறித்திருக்கிறார்கள். அந்தத் தந்தையின் பெயர் எர்ன்ஸ்ட் அகஸ்ட். அவருக்கு அரியணை கிடைத்த கதையை எப்போது படித்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

1714இல் ஹானோவரை ஆண்டவர் பிரிட்டனுக்கும் ராஜாவானார், முதலாம் ஜார்ஜ். அன்றிலிருந்து 123 வருஷம் இரண்டு நாட்டுக்கும் ஒரே தலை. ஆனால் சட்டம் வேறு, மந்திரிகள் வேறு. மூன்றாம் ஜார்ஜ் ஏறக்குறைய அறுபது வருஷம் ஆண்டும் ஒருமுறைகூட ஹானோவர் மண்ணை மிதிக்கவில்லை. அவர் காலத்தில்தான், 1814இல், அது ராஜ்ஜியமாகவும் உயர்ந்தது.

1837 ஜூன் 20 அன்று, இரண்டு நாட்டுக்கும் ராஜாவாக இருந்த நான்காம் வில்லியம் இறந்தார். பட்டத்துக்கு உரிய பிள்ளை யாரும் உயிரோடு இல்லை. இந்த இடத்தில் ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாரையும் 'அங்கிள்' என்றே சொல்லிக் குழப்பும். தமிழில் சொன்னால் சட்டென்று புரிந்துவிடும். வில்லியம் விக்டோரியாவின் பெரியப்பா. அடுத்த தம்பி எட்வர்டுதான் அப்பா, அவர் 1820லேயே போய்விட்டார். எட்வர்டுக்கு அடுத்தவர் எர்ன்ஸ்ட் அகஸ்ட், அதாவது சித்தப்பா. பிரிட்டன் சட்டப்படி அண்ணன் மகள் விக்டோரியாவுக்குத்தான் பட்டம். ஹானோவர் சட்டமோ, வம்சத்தில் ஒரு ஆண் மிச்சமிருக்கும் வரை பெண்ணுக்கு இடமில்லை என்றது. பதினெட்டு வயதுப் பெண் லண்டனில் ராணியானாள். சித்தப்பா பெட்டி கட்டிக்கொண்டு ஹானோவருக்குக் கிளம்பினார்.

"நல்லதுதானே, ஊரோடு இருக்கும் சொந்த ராஜா கிடைத்தாரே" என்று சொல்பவர்கள் உண்டு. ஊரோடு இருந்த ஒருவர் ஏற்கெனவே இருந்தார் ஐயா! இன்னொரு தம்பி அடால்ஃப், ராஜப்பிரதிநிதியாக அங்கேயே இருந்து நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் எர்ன்ஸ்டுக்கு இளையவர். அதனால் நாடு தெரிந்தவர் மூட்டை கட்டினார்.

புது ராஜா வந்த வருஷமே, நவம்பர் 1ஆம் தேதி, 1833இல் போட்ட அரசியல் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஏழு பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். அந்தச் சட்டத்தின் மேல் சத்தியம் செய்திருக்கிறோம், ராஜா மாறினால் சத்தியம் மாறாது என்பதுதான் அவர்கள் வாதம். டிசம்பரில் ஏழு பேருக்கும் வேலை போயிற்று. நாம் சின்ன வயதில் கேட்ட கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இருவரும் அதில் அடக்கம். யாக்கோப் கிரிமோடு சேர்த்து மூன்று பேர் மூன்று நாளில் நாட்டைவிட்டே போக வேண்டும் என்று உத்தரவு. பிளஸ் டூ இயற்பியலில் காந்தப் பாயத்துக்கு 'வெபர்' என்று அலகு படித்தோமே, அந்த வெபரும் அந்த ஏழில் ஒருவர். ஒரு வாரிசுச் சட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் கொடுத்த விலை இது.

அப்புறம் நகைச் சண்டை. பாட்டி சார்லட் ராணியின் நகைகள் யாருக்கு என்று இரண்டு வீட்டுக்கும் இருபது வருஷம் இழுபறி. கடைசியில் தீர்ப்பு ஹானோவர் பக்கம். விக்டோரியா கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அரண்மனையாக இருந்தால் என்ன, பாட்டி நகை பாட்டி நகைதானே.

எர்ன்ஸ்டின் ஒரே மகன் ஜார்ஜ், 1819 மே 27 அன்று பிறந்தவர். விக்டோரியா பிறந்தது மே 24. மூன்று நாள் மூத்த அக்கா! சிறு வயதிலேயே பார்வையை முழுதும் இழந்தவர் ஜார்ஜ். 1851இல் அரியணை ஏறினார். பார்வையில்லாததை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய கையெழுத்துக்குச் சாட்சி வைக்க ஏற்பாடு செய்து அதைச் சமாளித்தார்கள். ஆண் என்றால் எதற்கும் ஏற்பாடு செய்யத் தெரிந்தவர்களுக்குப் பெண் என்றால் மட்டும் ஒரு வழியும் தோன்றவில்லை பாருங்கள்.

1866இல் ஆஸ்திரியாவோடு போருக்குக் கிளம்பிய பிரஷ்யா என்ற பெரிய ஜெர்மானிய நாடு, ஹானோவரை நடுநிலையாக இரு என்று கெடு வைத்தது. ஜார்ஜ் மறுத்தார். ஜூன் 27 அன்று லாங்கென்சால்ட்சாவில் ஹானோவர் படை சண்டையில் ஜெயித்தும் விட்டது. இரண்டே நாளில், சூழப்பட்டுச் சரணடைந்தது. அந்த வருஷமே ராஜ்ஜியம் பிரஷ்யாவின் மாகாணமாகிவிட்டது.

விக்டோரியா ஹானோவருக்கும் ராணியாக இருந்திருந்தால் பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க் இப்படிக் கை வைத்திருப்பாரா? லண்டன் படை அனுப்பியிருக்காது என்பார்கள். சரி, 1803இல் பிரெஞ்சுப் படை நுழைந்தபோதும் லண்டனால் தடுக்க முடியவில்லை. ஆனால் நெப்போலியன் விழுந்ததும் ஹானோவர் திரும்பி வந்தது, முன்பைவிடப் பெரிதாக, ராஜ்ஜியமாக. பேரம் பேச லண்டன் இருந்தது. 1866இல் கேட்டு வாங்கித் தர ஆளில்லை. வம்சத்தின் கையைவிட்டு நாடு போகக்கூடாது என்றுதானே அந்தச் சட்டம்? 29 வருஷத்தில் வம்சத்துக்கு நாடே இல்லை.

ஜார்ஜ் ஆஸ்திரியாவில் அடைக்கலம் புகுந்தார். பட்டத்தைக் கடைசிவரை துறக்கவில்லை. 1878இல் பாரிஸில் இறந்தார். பிரஷ்யாவின் கையில் இருந்த ஹானோவருக்கு உடல் போகவில்லை. விண்ட்சர் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள். மூன்று நாள் மூத்த அக்கா வீட்டில்.