தோட்டத்துப் பாதையும் கணக்கில் ஏற வேண்டும்

வெள்ளமோ நிலச்சரிவோ ஏற்பட்ட பிறகு எந்தச் சாலையை முதலில் சீரமைப்பது என்பதைக் கணினியின் துணையோடு முடிவு செய்வதை நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன். பழுதான இடங்கள் 15 இருந்து, பணிக்குழு ஒன்றே இருந்தால், வேலையை வரிசைப்படுத்த 1.3 டிரில்லியன் வழிகள் உண்டு. இந்தச் சாலையைத் திறந்தால்தான் அதற்கு அப்பாலுள்ள பாலத்துக்கு மண்வாரி இயந்திரம் போகும் என்பது போன்ற நிபந்தனைகளும் சேரும்போது, அனுபவமிக்க பொறியாளராலும் மனக்கணக்கில் சிறந்த வரிசையைக் கண்டுவிட முடியாது. பல வரிசைகளைச் சோதித்துப் படிப்படியாக மேம்படுத்தும் மரபணு வழிமுறை, எறும்புக் கூட்ட வழிமுறை போன்ற கணினி முறைகள் மிகச் சிறந்த விடையைத் தராவிட்டாலும், நல்லதொரு விடையை விரைவாகத் தந்துவிடுகின்றன.

ஆனால் எதைக் குறைக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்பவர் மனிதரே. வாகன எண்ணிக்கையை அளவுகோலாக்கினால் பெருஞ்சாலைகள் முந்தும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் பாதை கடைசிக்குத் தள்ளப்படும். மக்கள் துண்டிக்கப்பட்டுக் காத்திருக்கும் நேரத்தை அளவுகோலாக்கினால் வரிசையே மாறும். 600 பேரைத் துண்டித்த சாலையைச் சீரமைக்க 12 மணி நேரமும், 150 பேரைத் துண்டித்த தோட்டப் பாலத்துக்கு 2 மணி நேரமும் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய சாலையை முதலில் எடுத்தால் எல்லாருடைய காத்திருப்பும் சேர்ந்து 9,300 மணி நேரம். பாலத்தை முதலில் எடுத்தால் 8,700. ஆட்களின் எண்ணிக்கையை வேலை நேரத்தால் வகுத்து, பெரிய ஈவு உள்ளதை முதலில் செய்ய வேண்டும் என்ற இவ்விதியை ஆய்வாளர் வேய்ன் ஸ்மித் 1956இலேயே நிறுவிவிட்டார். பயண நேரமும் நிபந்தனைகளும் சேர்ந்தால் இவ்விதி அப்படியே பொருந்தாது என்றாலும், எதை எண்ணுகிறோம் என்பதே வரிசையைத் தீர்மானிக்கிறது என்பதில் ஐயமில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராயைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் இன்னும் லயங்களில் வாழும் குடும்பங்கள் பெருஞ்சாலைக்கு வர, பெரும்பாலும் ஒரே செம்மண் பாதையும் ஓடையைக் கடக்கும் ஒரு சிறு பாலமும்தான் உண்டு. மாநிலங்களுக்கான சாலைப் பராமரிப்பு மானியம் மாரிஸ் எனும் அரசின் சாலைப் பதிவேட்டில் உள்ள சாலைகளுக்கே கிடைக்கிறது. தனியார் நிலத்துப் பாதைகளுக்கு அதில் இடமில்லை. அந்தப் பதிவேட்டை மட்டும் கணினிக்கு ஊட்டினால், எவ்வளவு நுட்பமான வழிமுறையும் அப்பாதையைக் கடைசியில்கூட வைக்காது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குச் செல்பவர் அந்த லயத்தில் இருந்தாலும் இதுதான் நிலை.

2022 ஜூலையில் நம் கெடாவிலேயே, பாலிங்கில், வெள்ளத்தோடு சேறும் மரத்துண்டுகளும் எவ்வளவு வேகமாக வந்திறங்கின என்பதைப் பார்த்தோம். அப்படிப்பட்ட இரவில் தரவு திரட்ட நேரம் இருக்காது. ஆகவே, மாவட்ட அலுவலகமும் பொதுப்பணித் துறையும் தோட்ட நிர்வாகங்களும் இப்போதே கூடி, ஒவ்வொரு பாதையையும், பாலம் தாங்கும் எடையையும், தோட்டத்து இரும்புக் கதவின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும், லயத்தில் வாழ்வோரின் எண்ணிக்கையையும் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். திருவிழா வரி வாங்கும் தோட்டத்துக் கோயில் நிர்வாகத்தினரிடம் குடும்பக் கணக்கு பெரும்பாலும் இருக்கும் என்பதால், அவர்களையும் இப்பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.