ஜி6பிடி குறைபாடும் பயறும்: ஒரு திருத்தம்

ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி; அது பிறவியிலேயே குறைவாக இருப்பதுதான் ஜி6பிடி குறைபாடு. "ஜி6பிடி குறைபாடு என்றால் பயறு, கவுப்பி, உழுந்து எதையும் தொடக்கூடாது" என்று தம்பி ஒருவர் எழுதியது தவறு. திருகோணமலையில் அவித்த கவுப்பி எத்தனை பிள்ளைகளின் காலைச் சாப்பாடு! பயந்து நிறுத்திவிடாதீர்கள். பருப்பு வகைகளில் ஆபத்து என்று உறுதியானது ஃபாவா அவரை (broad bean) என்ற அவரை வகைதான்.

இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது உருவாக்கும் நொதி, குளுக்கோஸ் பாதையில் என்ஏடிபிஎச் என்ற பொருளைத் தருகிறது. சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், ஆக்சிஜனேற்றத் தாக்குதலைத் தாங்க அதற்கு இதை விட்டால் வேறு வழியில்லை. நொதி குறைந்தவர்களுக்குச் சில பொருட்கள் உடலில் சேர்ந்ததும் அணுக்கள் உடைகின்றன.

உண்மையில் கவனிக்க வேண்டியவை மருந்துகள்: மலேரியாவுக்கான பிரிமாகுயின், தொழுநோய்க்கான டாப்சோன். அலுமாரியில் போடும் நாப்தலீன் உருண்டையும் கூடாது, குழந்தை இருக்கும் வீட்டில் முக்கியமாக.

அப்புறம், பெண்களுக்கு வராது என்பதும் சரியல்ல. குறைவு, ஆனால் வரும். சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளானால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த நேரத்துப் பரிசோதனை நொதி சரியாக இருப்பதாகக் காட்டலாம், ஏனென்றால் நொதி குறைந்த பழைய அணுக்கள் ஏற்கனவே உடைந்திருக்கும். சில மாதம் கழித்துத் திரும்பச் செய்யக் கேளுங்கள்.