உலக்கையை நிறுத்துவது கிரகணமா?

கிரகணம் வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும்: தாம்பாளத் தண்ணீரில் செங்குத்தாக நிற்கும் உலக்கை. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போதும் இதே கதைதான். கிரகண ஈர்ப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறதாம், கிரகணம் விட்டதும் தானாக விழுமாம்.

தவறு. உலக்கையின் அடியைப் பாருங்கள். தட்டையாக, இரும்புப் பூண் போட்டிருக்கும். எடை நடுவில் விழும்படி பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளிலும் நிற்கும். தண்ணீர்கூட வேண்டாம்.

சரி, ஈர்ப்பு? உலக்கையின் மேல் நிலாவின் இழுப்பு, பூமியின் இழுப்பில் ஏறக்குறைய மூன்று லட்சத்தில் ஒரு பங்கு. அதோடு, ஒவ்வொரு அமாவாசையிலும் சூரியனும் நிலாவும் ஒரே பக்கம்தான் இருக்கின்றன. கிரகணத்தன்று மட்டும்தான் நமக்கு உலக்கை ஞாபகம் வருகிறது. நாளைக் காலையிலேயே நிறுத்திப் பாருங்கள், கால்விரல் மட்டும் பத்திரம்.