கேரக்டர் மாடலுக்கு லைக் போடும் முன் அதைக் கீழே விழ வைத்துப் பாருங்கள்

லெஃப்ட் 4 டெட் 2 என்ற ஜோம்பி சுடும் கேம் வெளியானது 2009 நவம்பரில். அதற்கு, அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம், ரசிகர்கள் தாங்கள் செய்ததைப் பகிரும் ஸ்டீம் வொர்க்‌ஷாப்பைத் திறந்துவிட்டது 2013 ஜனவரியில். இன்னமும் அங்கே ரசிகர்கள் செய்த புதுப் புது சர்வைவர் (நாம் ஆடும் கதாபாத்திரம்) மாடல்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. நிக் இருந்த இடத்தில் வேறொரு கோட்டு சூட்டு ஆசாமி, ஜோயி இருந்த இடத்தில் அனிமே பெண், கோச் இருந்த இடத்தில் இரும்பு ரோபோ. கமெண்ட்டில் பார்த்தால் "செம", "வேற லெவல்". எல்லாம் முகப்புப் படத்தைப் பார்த்துப் போட்டவை. அந்தப் படமோ பல சமயம் கேமுக்குள் எடுத்ததே இல்லை, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மூன்று லைட் வைத்து ரெண்டர் செய்தது. ஸ்டுடியோ போட்டோவை மட்டும் பார்த்துவிட்டுப் பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிற மாதிரிதான்.

நிற்கிற மாடலைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த கேமில் உயிர் பூஜ்யத்துக்கு வந்ததும் சர்வைவர் உடனே செத்துவிடுவதில்லை. தரையில் விழுந்து, 300 பாயிண்ட் உயிரோடு, அது சொட்டுச் சொட்டாகக் குறையக் குறைய, ஒரு கையை ஊன்றி மறு கையில் பிஸ்டலை வைத்துச் சுட்டுக்கொண்டிருப்பார். தோள், இடுப்பு, தொடை, முழங்கால் எல்லாம் ஒரே நேரத்தில் மடங்குகிற போஸ் அது. செய்தவர் எங்கே சோம்பேறித்தனம் காட்டினாரோ, அங்கே கிழியும்.

பார்க்கும் முறை சுலபம். மாடல் எல்லிஸ் என்ற சர்வைவருக்கானது என்றால் நீங்கள் நிக்கை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லிஸ் பாட்டாக (கணினி ஓட்டும் ஆளாக) வரட்டும். சிங்கிள் பிளேயரில் கன்சோலை (கட்டளை தட்டும் பெட்டி) திறந்து சீட்ஸை ஆன் செய்து ஒரு டாங்கை (ராட்சத ஜோம்பி) வரவழையுங்கள். எல்லிஸை அதனிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் தள்ளி நின்றுகொள்ளுங்கள். விழுந்ததும் பக்கத்தில் போய் அக்குளைப் பாருங்கள். பாதி மாடல்கள் அங்கேயே காலி. ஜாக்கெட்டின் தோள்பட்டை உள்ளே குழிந்து, காற்றுப் போன பலூன் மாதிரி இருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? கேம் ஓடுகிற சோர்ஸ் எஞ்சினில் ஒரு வெர்டெக்ஸை (மாடலின் மேற்பரப்புப் புள்ளி) அதிகபட்சம் 3 எலும்புகள்தான் இழுக்க முடியும். ('போன்' என்று எழுதினால் செல்போன் என்று படிப்பீர்கள், அதனால் எலும்பு. மாடலை உள்ளிருந்து அசைப்பது அதுதான்.) வேறு கேமிலிருந்து எடுத்துவந்த மாடலில் தோள்பக்கம் ஒரு வெர்டெக்ஸுக்கு 4 எலும்பு, சிலதில் அதற்கு மேலும் இருக்கும். அதை அப்படியே கேம் ஃபைலாகக் கம்பைல் செய்தால் மிச்ச எலும்புகளின் வெயிட் (இழுக்கும் பங்கு) வெட்டப்பட்டுவிடும். எதை வெட்டுவது, எதை விடுவது என்று நீங்கள் தீர்மானிக்கவில்லை, கருவி தீர்மானித்துவிட்டது. பிளெண்டரிலேயே லிமிட் டோட்டலை (ஒரு புள்ளிக்கு எத்தனை எலும்பு) 3 என்று வைத்து, பிறகு நார்மலைஸ் ஆல் கொடுத்து (வெயிட்டின் கூட்டுத்தொகை 1 ஆக), கையைத் தூக்கி இறக்கிப் பார்த்து, குழிகிற இடத்தில் வெயிட்டைக் கையால் பூசித் திருத்த வேண்டும். கூடவே தோளைச் சுற்றி எட்ஜ் லூப் (சுற்றி ஓடும் கோட்டு வளையம்) குறைந்தது மூன்று வரிசையாவது வேண்டும். ஒரே வரிசை இருந்தால் எவ்வளவு நன்றாக வெயிட் போட்டாலும் மடிப்பு மடிப்பாகவே தெரியும். முன்கையிலும் இதே தலைவலி உண்டு. மணிக்கட்டு திரும்பும்போது முறுக்கைப் பகிர்ந்துகொள்ளும் எலும்புக்கு வெயிட் கொடுக்காமல் விட்டால், மிட்டாய்த் தாளை முறுக்கியது போல முழங்கைக்குக் கீழே ஒரு இடத்தில் ஒட்டிப்போய் நிற்கும்.

அடுத்தது உடல் அளவு. கேமின் அனிமேஷன்கள் எல்லாம் வால்வின் எலும்புக்கூட்டுக்கு அளவெடுத்துத் தைத்தவை. எல்லிஸின் தோள் அகலம், கை நீளம் எல்லாம் அதற்குள்ளேயே பதிந்திருக்கிறது. சின்ன உடம்புக்காரியை அந்த எலும்பில் மாட்டினால் அனிமேஷன் அவளை எல்லிஸ் அளவுக்கு இழுக்கும்: கழுத்து கொக்குக் கழுத்தாகும், விரல்கள் நீளும். இதற்குப் புரபோர்ஷன் ட்ரிக் என்று ஒரு வழி இருக்கிறது. அசல் எலும்புக்கூட்டின் ஒரு ஃபிரேம், புது அளவுள்ள எலும்புக்கூட்டின் ஒரு ஃபிரேம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்து எடுத்து, அதை எல்லா அனிமேஷன் மேலும் தானாக ஓடும்படி கியூசி ஃபைலில் (கம்பைல் கட்டளைகள் உள்ள ஃபைல்) எழுதுவது. நல்ல வழிதான், ஆனால் சும்மா கிடைப்பதில்லை. கை குட்டையானால் இடது கை ரைஃபிளின் முன்பிடியை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கும். ஓரிரு விரற்கடை விலகல் என்றால் மன்னிக்கலாம். ஷாட்கன் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று இருந்தால் செய்தவர் கேமுக்குள் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் விளையாடுகிற நேரம் முழுக்க உங்கள் கண்ணில் படுவது முகமும் இல்லை, உடையும் இல்லை, இரண்டு கைகள். அது தனி மாடல், தனி ஃபைல். உடல் மாடலில் ஆறு மாசம் உழைத்தவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். இரும்புக் கவசம் போட்ட வீரன் என்று டவுன்லோட் செய்வோம், உள்ளே போனால் கண் முன்னால் ஆடுவது நிக்கின் வெள்ளைக் கோட்டுக் கை! என் கணக்கில் கை மாடல் இல்லாத சர்வைவர் மாடல் பாதி மாடல்தான், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கை இருந்தால், மெட்கிட்டை எடுக்கும்போதும் ரீலோட் செய்யும்போதும் சட்டைக் கையின் வெட்டு விளிம்பு திரையின் ஓரத்தில் தெரிகிறதா என்று கவனியுங்கள். உள்ளே வெற்றுக்குழாய் தெரிந்தால் மெஷ்ஷை (மாடலின் மேற்பரப்பு வலை) இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நீட்டியிருக்க வேண்டும்.

முகம். எல்லிஸ் தன் நண்பன் கீத்தைப் பற்றிக் கதை கதையாக அளப்பது இந்த கேமின் தனிச்சுகம். மாடலுக்கு ஃபிளெக்ஸ் (முக அசைவு) இல்லையென்றால் குரல் மட்டும் வரும், வாய் சாத்திய கதவாக இருக்கும். ஃபிளெக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க கேமைத் திறக்கவே வேண்டாம். ஸ்டீமில் லெஃப்ட் 4 டெட் 2 ஆதரிங் டூல்ஸ் என்று இலவசமாகக் கிடைக்கிறது. அதிலுள்ள மாடல் வியூவரில் ஃபிளெக்ஸ் ஸ்லைடர்களை இழுத்துப் பாருங்கள். உதடு விரியும்போது பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறதா, இமை மூடும்போது கருவிழி துருத்துகிறதா, இரண்டையும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துகொள்ளலாம். ஒன்றரைக்கண் பார்வை இருந்தால், கியூசியில் கண்ணின் மையப்புள்ளியைத் தப்பாகக் கொடுத்திருக்கிறார்கள்.

நீள முடியும் பாவாடையும் ஆட ஜிகிள்போன் (தானாக ஆடும் எலும்பு) வைப்பார்கள். அதற்கு உடம்பு இருப்பதே தெரியாது, முதுகுக்குள் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். கோண வரம்பைச் சுருக்கி, டேம்பிங்கை (ஆட்டத்தை அடக்கும் அளவு) கூட்டினால் அடங்கும். ஆட்டம் அதிகம் இருந்தால்தான் அழகு என்று ஒரு கூட்டம் நினைக்கிறது, அது ரசனை சம்பந்தப்பட்ட வியாதி, நான் வைத்தியர் இல்லை. ஆனால் எலும்புக்கும் பட்ஜெட் உண்டு: ஒரு மாடலுக்கு 128. முடிக்கு மட்டும் 40 எலும்பு வைத்துவிட்டு, கம்பைல் ஆகவில்லை என்று விரல் எலும்புகளைக் கழித்துவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அந்த மாடல் துப்பாக்கியைப் பிடிப்பது கரண்டியைப் பிடிப்பது போல இருக்கும்.

4கே டெக்ஸ்சர் (மாடல் மேல் ஒட்டும் படம்) என்று பெருமையாகப் போடுவதைத் தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 4096க்கு 4096, டிஎக்ஸ்டி5 சுருக்க முறை என்றால் மிப்மேப்போடு (சிறு அளவுப் பிரதிகள்) சேர்த்து ஒன்றுக்குச் சுமார் 21 எம்பி. உடல், தலை, முடி, உடை என்று 4 மெட்டீரியல், ஒவ்வொன்றுக்கும் கலரும் நார்மல் மேப்பும் (மேடுபள்ள விவரப் படம்): 8 டெக்ஸ்சர், ஏறத்தாழ 170 எம்பி. இதையே 2048ல் வைத்தால் 43 எம்பிதான். நான்கு சர்வைவருக்கும் இப்படி மாடல் போட்டால் 32-பிட் கேம் மேப் லோட் ஆகும்போதே படுத்துவிடும். பிறகு வால்வைத் திட்டுவது. கேமில் பத்தடி தள்ளி ஓடுகிற ஆளின் பொத்தானில் 4கே எதற்கு?

பளபளப்பையும் பாருங்கள். தி பாரிஷ் மேப்பின் வெயிலில் நன்றாக இருக்கிற ஃபாங் (பளபளப்பு அமைப்பு), நோ மெர்சி மேப்பின் இருட்டில் டார்ச் பட்டதும் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் பொம்மையாகும். ஃபாங் பூஸ்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றியதன் பலன். தலைமுடிக்கு டிரான்ஸ்லூசென்ட் (அரை ஒளிபுகும் அமைப்பு) போட்டிருந்தால் பின்முடி முன்முடியின் மேல் தெரியும். ஆல்ஃபாடெஸ்ட் (ஒரு புள்ளி முழுதாகத் தெரியும், இல்லையேல் தெரியவே தெரியாது) கொஞ்சம் முரடாக இருந்தாலும் ஏமாற்றாது.

பெரும்பாலும் யாரும் பேசாத ஒன்று, நிழலுருவம். இருட்டில் 30 சாதா ஜோம்பி ஒரே நேரத்தில் மேலே வந்து விழுகிற கேம் இது. பில் என்ற சர்வைவரின் தொப்பி, நிக்கின் வெள்ளைக் கோட்டு, கோச்சின் பருமன், எல்லாமே ஒரு நொடியில் "நம்ம ஆள்" என்று தெரிவதற்காக இருப்பவை. கறுப்பு உடை, ஒல்லி உடம்பு, கலைந்த முடி என்று ஒரு மாடலைப் போட்டால் நீங்களே அவளை ஜோம்பி என்று நினைத்துச் சுடுவீர்கள். அதுவும் கோச்சின் இடத்தில் ஒல்லிப் பெண்ணைப் போட்டால் இன்னொரு கூத்து. மாடல் உங்கள் கணினியில் மட்டும்தான் மாறுகிறது. குண்டு பட்டதா என்று கணக்குப் பார்க்கிற சர்வருக்கு அங்கே நிற்பது அதே கோச். அவள் இடுப்புக்கு வெளியே காற்றில் போன குண்டு கோச்சின் தொப்பையில் பட்டதாகக் கணக்காகும். வாயைத் திறந்தால் வருவதும் கோச்சின் கட்டைக்குரல்தான்.

ஆகவே கமெண்ட் போடுகிறவர்கள் "செம"வோடு இன்னும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எந்த மேப், எந்த அனிமேஷன், எந்த இடம். "டார்க் கார்னிவல், லெட்ஜில் தொங்கும்போது இடது அக்குள் குழிகிறது" என்று எழுதினால் செய்தவர் அன்று ராத்திரியே பிளெண்டரைத் திறந்து அந்த இடத்தைச் சரிசெய்துவிடலாம்.